ஒரு சாண் தாழ்ந்த அலை

திருவிடந்தைக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கிற அந்தக் கட்டடத்தைச் சுற்றுவட்டத்து ஜனங்கள் அலக்கொட்டா என்றுதான் சொல்வார்கள். பெண்களுக்கான காசநோய் ஆஸ்பத்திரியாக அறுபத்து மூன்றில் கட்டியது. கான்கிரீட்டை அலை மாதிரி வளைத்து, தூணுக்குத் தூண் தாவ விட்டிருப்பார்கள். மொத்தம் ஏழு அலை. கனம் மூன்று அங்குலம்தான். கட்டியவர் ஆரோக்கியநாதன். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் பெயர் பாடப்புத்தகத்தில் வரும். வெளிநாட்டுக்காரர்கள்கூட அவருடைய கட்டடங்களைத் தேடி வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

பொன்னிக்கு அவர் வெறும் ‘அய்யா’.

அந்த இடத்துக்கு அவள் முதலில் போனது சித்தாளாக. அப்போது வயசு பதினெட்டு. புருஷன் ஏசுதாஸ் அதே வேலையில், கான்கிரீட்டுக்கு அடியில் பலகை அடிக்கிற சென்ட்ரிங் கோஷ்டியில் இருந்தான். இரண்டு பேர் குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில் நட்டும் அறுத்தும் வந்தவர்கள். கூரை முடிந்து ஆஸ்பத்திரி திறந்தபோது பொன்னிக்கு அங்கேயே ஆயா வேலை கிடைத்தது. முப்பது வருஷம் அந்த ஏழு அலைக்குக் கீழே எச்சில் கிண்ணம் கழுவினாள், படுக்கை மாற்றினாள், செத்தவர்களுக்குக் கண்ணை மூடிவிட்டாள். அமிர்தவல்லி என்று ஒரு டீச்சர் எட்டு மாசம் நோயோடு கிடந்தாள். சாவதற்கு முன்னால் பொன்னிக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். மாத்திரையிலேயே நோய் தீரும் என்று ஆன பிறகு ஆள் வரத்து குறைந்தது. தொண்ணூற்று மூன்றில் ஆஸ்பத்திரியை மூடினார்கள். நடத்திவந்த டிரஸ்ட், பொன்னியை மட்டும் காவலுக்கு வைத்துக்கொண்டது. பின்பக்கம் மருந்து ஸ்டோராக இருந்த அறையில் அவள் குடியிருந்தாள். மகள் பிரிசில்லா கல்யாணமாகி மறைமலைநகரில் இருந்தாள். மருமகன் ஜோஷ்வாவுக்குக் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை.

ஆக, கூரை போட்டதற்கு முன்னாலிருந்து அங்கே இருந்த ஒரே ஆள் அவள்தான். அதை யாரும் அவளிடம் எட்டு வருஷம் கேட்கவில்லை.

கேட்டவள் சங்கரி. சென்னையில் கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றில் பேராசிரியை, முப்பத்தைந்து வயசிருக்கும். இரண்டாயிரத்து ஒன்றில் ஒருநாள் பத்துப் பன்னிரண்டு மாணவர்களோடு வேனில் வந்து இறங்கினாள். டேப்பும் ஏணியும் வைத்துக்கொண்டு நாலு நாள் அந்தக் கட்டடத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். கடற்கரைச் சாலையை அகலப்படுத்தி முடித்த சமயம் அது. சாலைக்கு இரண்டு பக்கமும் ரிசார்ட் ரிசார்ட்டாக முளைத்துக்கொண்டிருந்தது. அலக்கொட்டாவையும் விற்றுவிடப் போகிறார்கள் என்ற பேச்சு பொன்னி காதிலும் விழுந்திருந்தது. சங்கரி அதைத் தடுக்கத்தான் வந்திருந்தாள். ஆரோக்கியநாதனுக்கு இரண்டாயிரத்து நாலில் நூறு வயசு. அதற்குள் இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்க வைத்து, நூற்றாண்டு விழாவை இங்கேயே நடத்தி, அவரைப் பற்றி ஒரு பெரிய புத்தகமும் போட்டுவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மாசம் ஒருதரமாவது வருவாள். பொன்னி கறுப்புக் காப்பி போட்டுக் கொடுப்பாள். வராந்தா கைப்பிடிச் சுவர் ஏன் சாய்வாக இருக்கிறது, எந்தப் படுக்கையில் யார் இருந்தார்கள், மழையில் எங்கே ஒழுகும் என்றெல்லாம் சங்கரி கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்வாள். ஒழுகவே ஒழுகாது என்று பொன்னி சொன்னபோது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஐந்தாவது அலை மற்ற ஆறைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது. அளந்து பார்த்தால்தான் தெரியும் என்பதில்லை, கடல் பக்கம் நின்று பார்த்தாலே தெரியும். படித்தவர்கள் அதைப் பற்றி நிறைய எழுதியிருந்தார்கள். ஒழுங்கான வரிசையில் ஒன்றை மட்டும் தாழ்த்தி, அந்தக் கூரை கடலைப் பார்த்துத் தலை வணங்குகிற மாதிரி ஆரோக்கியநாதன் வைத்தார், அதுதான் அவருடைய மேதைமை என்பது அவர்கள் கணக்கு. சங்கரி தன் மாணவர்களை நிறுத்திவைத்து அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுக்கும். பொன்னி பக்கத்தில் துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாயிரத்து இரண்டு ஐப்பசியில், அடைமழை பிடித்துக்கொண்டு சங்கரியால் திரும்பிப் போக முடியாத ஒரு மத்தியானம், அவளே ஆரம்பித்தாள்.

“மேடம், அது தலையும் வணங்கல, ஒண்ணும் வணங்கல. முட்டு கொடுக்கக் கட்ட பத்தாம பூட்ச்சி, அதான்.”

சங்கரிக்குப் புரியவில்லை. பொன்னி சொன்னாள்.

கான்கிரீட் போட்டால் அடியில் முட்டுக் கொடுத்த பலகையும் கட்டையும் இருபத்தொரு நாள் அப்படியே நிற்க வேண்டும். அது சித்தாளுக்குக்கூடத் தெரியும். ஆனால் பங்குனியில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஆறாவது ஏழாவது அலைகளுக்குக் கட்டை போதவில்லை. ஐந்தாவது அலையிலிருந்து பிரித்து எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அது போட்டுப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மேஸ்திரி தயங்கினார். இன்ஜினீயர் சொல்கிறார் என்றார்கள். இன்ஜினீயர் பிற்பாடு அய்யா சொன்னார் என்றார். அய்யா யார் பெயரையும் சொல்லவில்லை. மாசி பதினாலாம் தேதி காலையில் ஏசுதாஸ் உள்ளே போய்க் கட்டையைத் தட்டினான். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பன்னீர்செல்வம் எதிர்முனையில் நின்றான். பூவாயி என்கிற சித்தாள், தட்டின பலகைகளைத் தலையில் தூக்கி வெளியே கொண்டுவந்து அடுக்கினாள். பொன்னி அப்போது மூணு மாசம் முழுகாமல் இருந்தாள். பாரம் தூக்க வேண்டாம் என்று தண்ணீர்ப் பீப்பாய் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். பெரிய சத்தம்கூட இல்லை என்றாள். லாரியிலிருந்து மண் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் புழுதி. புழுதி அடங்கினபோது நாலாவது அலைக்கும் தூணுக்கும் நடுவில் வானம் தெரிந்தது.

மூன்று பேரையும் எடுக்க மத்தியானம் ஆயிற்று.

போலீஸ் வந்து, பெயர்கூடக் கேட்காமல், சாரம் சரிந்து மூவர் சாவு என்று எழுதிக்கொண்டு போனது. மறுநாள் அய்யா சென்னையிலிருந்து வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. நொறுங்கின முட்டுக்கட்டைகளின் முனையை வெட்டியெறிந்துவிட்டு, மிச்சத்தையே திரும்ப நிறுத்தி, ஐந்தாவது அலையை இரண்டு மடங்கு கனத்தில் போட்டார்கள். வெட்டின அளவுக்கு அது தாழ்ந்தது. ஒரு சாண்.

“அய்யா சாவுற வரிக்கும் வருசத்துக்கு ஒருவாட்டி வருவாரு. அல்லா அலைக்கும் கீய போவாரு. அஞ்சாவதுக்குக் கீய மட்டும் போவ மாட்டாரு. வெளியால சுத்திகினு போய்ச் சேருவாரு. எனக்கு ஆயா வேல போட்டுக் குட்த்தது அவருதான். ஒரு வார்த்த பேசினதில்ல” என்றாள் பொன்னி.

சங்கரி குறிப்பு எடுப்பதை எப்போது நிறுத்தினாள் என்று தெரியவில்லை. நோட்டு மடியில் கிடந்தது. இதை இத்தனை வருஷம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள். யாரும் கேட்கவில்லை என்றாள் பொன்னி.

அது முழு உண்மை இல்லை. ஒருத்தியிடம் அவள் சொல்லியிருந்தாள். பூவாயியின் தங்கை செல்லம்மா. அக்காள் சாகும்போது அவளுக்குப் பத்து வயசு. வேலையிடத்தில் அவள் இல்லை, வீட்டு வாசலில் இறக்கின உடம்பைத்தான் பார்த்தாள். வளர்ந்து, திருவிடந்தையிலேயே வாழ்க்கைப்பட்டு, ஆஸ்பத்திரி சமையற்கட்டில் பாத்திரம் தேய்க்க வந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். வருஷா வருஷம் மாசி பதினாலாம் தேதி பொன்னியோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்து ஏசுதாஸுக்கு மெழுகுவத்தி ஏற்றுவாள் செல்லம்மா. அங்கிருந்து பொன்னி அவளோடு ஓடைக்கரைக்குப் போய்ப் பூவாயிக்குக் கற்பூரம் காட்டுவாள். வேதம் வேறே சாமி வேறே என்று இரண்டு பேருமே நினைத்தது கிடையாது. பன்னீர்செல்வத்துக்கு அங்கே யாரும் இல்லை. அவனுக்கும் சேர்த்து இன்னொரு வத்தி.

விஷயம் முற்றியது இரண்டாயிரத்து மூன்றில். கட்டடத்தைப் பாதுகாக்கலாமா வேண்டாமா என்று விசாரித்துச் சொல்ல அரசாங்கம் ஒரு குழு போட்டது. விற்பதில் உறுதியாக இருந்த டிரஸ்ட், கூரை பலவீனமானது, எந்நேரமும் விழலாம் என்று ஒரு இன்ஜினீயரை வைத்து எழுதிக் கொடுத்தது. அந்த வாதத்துக்கு ஒரு முட்டு தேவைப்பட்டது. கட்டும்போதே ஒருதரம் விழுந்ததாக ஊரில் பேச்சு உண்டு; காகிதத்தில்தான் ஒன்றும் இல்லை.

டிரஸ்டின் மேனேஜர் ஹரிகிருஷ்ணன் அவளைத் தேடி வந்தார். நாற்பது வருஷத்தில் முதன்முறையாக ஒரு ஆள் அவளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு என்ன நடந்தது, செத்துப்போனவர்கள் பெயர் என்ன என்று கேட்டார். பொறுமையாக, மரியாதையாகக் கேட்டார். குழுவுக்கு முன்னால் இதை மட்டும் சொன்னால் போதும், மூன்று பேர் பெயரும் அரசாங்க ரிகார்டில் ஏறிவிடும் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவருக்கு வேண்டியது கட்டடத்தை இடிக்கிற அனுமதி என்பதும் பொன்னிக்குத் தெரியும்.

அவள் செல்லம்மாவிடம் போய்ச் சொன்னாள். செல்லம்மா அழுதாள். போய்ச் சொல்லு யக்கா, நானும் வந்து ஒக்காந்து கேக்கறேன், எங்க அக்கா பேரை ஒரு ஆபீசர் வாயால கேட்டா போதும் என்றாள்.

விசாரணைக்கு முதல்நாள் சங்கரி வந்தாள். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். நாளைக்கு நீங்கள் உண்மையைச் சொன்னால் அதையே வைத்துக் கூரையை இறக்கிவிடுவார்கள், ஏசுதாஸ் உயிரைக் கொடுத்ததும் இல்லாமல் போகும், அய்யா கட்டினதும் இல்லாமல் போகும், மணலில் ஒரு நீச்சல் குளம்தான் மிஞ்சும் என்றாள். கட்டடம் பிழைத்ததும் புத்தகத்தில் முதல் அத்தியாயமே அந்த மூன்று பேரைப் பற்றித்தான், பெயரோடு, ஊரோடு எழுதுகிறேன் என்று சத்தியம் செய்தாள். அப்போது அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

பொன்னி ராத்திரியெல்லாம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. அவளுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. விடிந்ததும் ஏழு அலைக்கும் கீழே நடந்து பெருக்கினாள். அமிர்தவல்லி டீச்சர் படுத்திருந்த மூலையில் கொஞ்ச நேரம் நின்றாள். இது போய்விட்டால் தான் எங்கே போவது என்ற பயமும் இருந்தது; அதை மறைக்க அவள் பிற்காலத்திலும் முயற்சி செய்யவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. கூரை விழுந்த அன்றைக்கு நாலாவது அலைக்கு அப்பால் தெரிந்த வானத்தை இன்னொருதரம் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

செங்கல்பட்டில் ஒரு அரசாங்க ஆபீஸ் மாடியில் விசாரணை. மின்விசிறி சத்தத்தில் பாதி கேட்கவில்லை. முன்னால் குழுவினர் ஐந்து பேர். ஒருபக்கம் ஹரிகிருஷ்ணன், இன்னொரு பக்கம் சங்கரி. கடைசி வரிசையில் செல்லம்மா, மகன் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவையில், மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கட்டும்போது கூரையில் எந்தப் பகுதியாவது இடிந்து விழுந்ததா என்று கேட்டார்கள்.

“இல்லிங்க.”

யாராவது இறந்தார்களா?

“சாரம் சரிஞ்சி வுயுந்தாங்க. கூர வுயல.”

ஐந்தாவது அலை மட்டும் தாழ்ந்திருப்பது ஏன் என்று குழுத் தலைவர் கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று யாரும் அவளைத் தயார் செய்திருக்கவில்லை. பொன்னி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அய்யா அப்டித்தான் வோணும்னாருங்க.”

டைப் அடித்துக் கொடுத்தார்கள். படித்துப் பார்த்து, அமிர்தவல்லி சொல்லிக்கொடுத்த அதே சாய்வெழுத்தில் கையெழுத்துப் போட்டாள். ஹரிகிருஷ்ணன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் காகிதங்களை அடுக்கினார். சங்கரி ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

செல்லம்மா கீழே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். பொன்னி கிட்டே போய் நின்றாள். விளக்கம் சொல்ல வாயெடுத்தாள்.

“ஒம் புருசன நீ இன்னா வோணா சொல்லிக்கோ. எங்க அக்காவ இல்லன்னு சொல்றதுக்கு நீ யாரு?” என்றாள் செல்லம்மா.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள். பொன்னி அதில் ஏறவில்லை. அடுத்ததற்கு ஒருமணி நேரம் நின்றாள்.

கட்டடம் பிழைத்தது. பாதுகாக்கப்பட்டது என்று அறிவிப்பு வந்தது. பக்கத்து நிலத்தை வாங்கின ரிசார்ட்காரர்களே அதைப் பராமரிக்கிற பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளை அடித்தார்கள், விளக்குப் போட்டார்கள். பின்பக்கத்து அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை. வாசலில் மட்டும் ஒரு மூங்கில் தட்டியை வைத்து மறைத்தார்கள்.

அந்த மாசி பதினாலாம் தேதி பொன்னி திருவிடந்தைக்குப் போய் செல்லம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள். மருமகள் வந்து, அத்தை அப்போதே தனியாகப் போய்விட்டு வந்து படுத்திருக்கிறார் என்றாள். பொன்னி கல்லறைத் தோட்டத்துக்குத் தனியாகப் போனாள். ஓடைக்கரைக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை.

நூற்றாண்டு விழா இரண்டாயிரத்து நாலு செப்டம்பரில் நடந்தது. பந்தல், நாதசுரம், வெளிநாட்டு விருந்தாளிகள். பொன்னியை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். இந்தக் கூரைக்குக் கலவை சுமந்த கைகள் என்று ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னார், எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிரிசில்லா கூட்டத்தில் உட்கார்ந்து அழுதாள். புத்தகத்தை அங்கேயே வெளியிட்டார்கள், பொன்னிக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள்.

விழா முடிந்ததும் அறைக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தாள். முதல் அத்தியாயம் ஆரோக்கியநாதனின் பிள்ளைப்பருவம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அலக்கொட்டா நூற்றுப் பதினோராம் பக்கத்தில் வந்தது. அதில் அவள் படம் இருந்தது. படத்துக்குக் கீழே, அந்தக் காலத்துத் தொழிலாளி பொன்னி நினைவுகூர்ந்தது என்று போட்டிருந்தது: ‘அய்யா மணலில் நின்று ஐந்தாவது அலையைக் காட்டி, இது மட்டும் கடலை வணங்கட்டும் என்றார்.’

அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அவள் சொன்ன மூன்று வார்த்தைப் பொய்க்கு யாரோ கை கால் வைத்து நடக்கவிட்டிருந்தார்கள். ஏசுதாஸ் என்ற பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சங்கரி பத்து நாள் கழித்துத்தான் வந்தாள். அத்தியாயத்தை எழுதித்தான் கொடுத்தேன் என்றாள். ஆரோக்கியநாதனின் மகள் புகைப்படங்களைத் தர மாட்டேன் என்றாராம். நூற்றாண்டு மலரில் இது வேண்டாம் என்று அச்சுச் செலவை ஏற்றவர்களும் சொன்னார்களாம். புத்தகமே நின்றுபோய்விடும் என்ற நிலை. அடுத்த பதிப்பில் கட்டாயம் வரும் என்றாள். பொன்னி காப்பி போட்டுக் கொடுத்தாள். அவளிடம் கோபித்துக்கொள்ளக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றிற்று. ஆபீசர் முன்னால் நின்று ‘இல்லிங்க’ என்று சொன்னது சங்கரியின் வாய் இல்லையே.

அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. தண்ணீர் வராந்தாப் படி வரை ஏறி இறங்கியது. மீனவக் குப்பத்து ஜனங்களுக்கு யாரையும் கேட்காமல் பொன்னிதான் கேட்டைத் திறந்துவிட்டாள். பன்னிரண்டு நாள் ஏழு அலைக்கும் கீழே ஆள் படுத்திருந்தது. அவர்கள் போன பிறகு, அடுப்புப் புகை கூரையில் கறையாகப் படிந்துவிட்டதாக அவளைக் கண்டித்து நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை அவள் மடித்து வைத்துக்கொண்டாள், பதில் எழுதவில்லை.

பிறகு கட்டடத்தை மியூசியமாகத் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் காரிலும் பைக்கிலும் வருவார்கள். சுற்றிக் காட்ட பிரதீபா என்று ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். நல்ல பெண். பொன்னியை ‘பாட்டிம்மா’ என்று கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிறவள். ஐந்தாவது அலைக்குக் கீழே கூட்டத்தை நிறுத்தி, கடலை வணங்குகிற கதையைச் சொல்வாள். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பொன்னி கையெழுத்துப் போட்ட அந்த வாக்குமூலம் மாட்டியிருந்தது. அதையும் காட்டுவாள்.

இரண்டாயிரத்து ஆறு மாசி பதினாலு ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. பொன்னி கல்லறையிலிருந்து திரும்பினபோது பிரதீபா இருபது பேரை வைத்துக்கொண்டு அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொன்னி கூட்டத்தைத் தாண்டி உள்ளே வந்தாள். செருப்பை விட்டுவிட்டு, அந்த அலைக்குக் கீழே நடுவில் நின்றாள்.

“இதெல்லாம் பொய்யி. இங்க மூணு பேரு செத்தாங்க. ஏசுதாஸு, பூவாயி, பன்னீர்செல்வம். இந்தக் கூர அவுங்க மேல வுயுந்துச்சி. நான் பாத்தேன்.”

ஒரு பையன் கைப்பேசியில் படம் எடுத்தான். பிரதீபா பதறிப்போய்க் கிட்டே வந்து, அவள் தோளை மெதுவாகப் பிடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“பாட்டிம்மா, கூரை விழலன்னு நீங்களேதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. இதோ பாருங்க, உங்க கையெழுத்து.”

பொன்னி பார்த்தாள். அவள் கையெழுத்துதான். கூட்டத்தில் ஒரு பெண் இரக்கத்தோடு பக்கத்தில் இருந்தவளிடம் என்னமோ சொன்னாள். வயசானால் அப்படித்தான் என்கிற மாதிரி அவள் தலையாட்டினாள். பிரதீபா பொன்னியை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தாள். மறுவாரமே நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து, நீங்கள் ஓய்வெடுக்கிற வயசு வந்துவிட்டது என்று மரியாதையாகச் சொன்னார்கள். பிரிசில்லாவும் ஜோஷ்வாவும் ஒரு டெம்போ பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஏற்றுவதற்கு அவ்வளவு சாமான் இல்லை.

மறைமலைநகரில் இரண்டாம் மாடியில் வீடு. விடிந்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஹாரன் அடிக்கும். பொன்னி நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். பேச்சு குறைந்துபோயிற்று. தோப்பில் காற்று அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று மகளிடம் ஒருதரம் சொன்னாள். பிரிசில்லா டாக்டரிடம் கூட்டிப் போனாள். காதில் ஒன்றும் இல்லை என்றார்.

சங்கரி இரண்டாயிரத்து எட்டில் அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்றாள். பழைய வாக்குமூலத்தை மாற்றிப் புதிதாக ஒன்று கையெழுத்தாகிக் கிடைத்தால் உண்மையைச் சேர்க்கலாம் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறதாம். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். புத்தகத்தில் வரப்போகிற வரிகளும், கீழே பொன்னியின் கையெழுத்துக்கு இடமும் அதில் இருந்தன. பொன்னி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

‘கட்டுமானத்தின்போது ஒரு விபத்து நேர்ந்ததாகவும் அதில் சிலர் உயிரிழந்ததாகவும் முன்னாள் பணியாளர் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இதற்கு ஆவணச் சான்று இல்லை.’

“சிலருன்னா யாரு மேடம்?” என்றாள்.

பெயர் போட மாட்டார்களா என்று பொன்னி மறுபடி கேட்டாள். இப்போதைக்கு இவ்வளவுதான் ஒத்துக்கொள்கிறார்கள், இதையாவது விட்டுவிடக் கூடாது, இது ஒரு ஆரம்பம் என்று சங்கரி கெஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

பொன்னி தாளை மடித்து அவள் கையிலேயே வைத்தாள். “போன வாட்டி ஒங்களுக்கோசரம் ஒரு பொய்யில கையெயுத்துப் போட்டேன். இது பொய்யில்ல. ஆனா நெசமும் இல்ல. இதுல எப்டி மேடம் போடறது?”

சங்கரி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பொன்னி அவளைத் தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. பிரிசில்லா சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

அடுத்த வாரம் பொன்னி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். வண்டலூரில் மாறி, கேளம்பாக்கத்தில் மாறி, திருவிடந்தையில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. செல்லம்மா வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷத்தில் நன்றாக இளைத்திருந்தாள். பொன்னி அவளிடம் நடந்ததைச் சொன்னாள், காகிதத்தில் இருந்ததைச் சொல் மாறாமல் சொன்னாள். செல்லம்மா கையில் ஈரப் புடவையோடு நின்று கேட்டாள்.

“போடலயா?”

“போடல.”

செல்லம்மா புடவையை உதறிக் கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்து நேராக்கினாள். உட்கார் என்று சொல்வாள் என்று பொன்னி காத்திருந்தாள்.

“செரி. கெளம்பு. ஒண்ணரை பஸ்ஸ வுட்டா அப்பறம் நாலு மணிக்குத்தான்” என்றாள் செல்லம்மா.

பொன்னி தலையாட்டிவிட்டு ரோட்டுக்கு நடந்தாள்.